பாண்டி நம்பர் வண்டி

தப்பா நெனச்சிக்காதே கண்ணு. நீ போன்ல பேசுனது காதுல விழுந்துச்சி. பஸ்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிட்டுக் காதையா பொத்திக்க முடியும். காரு வாங்கப் போறீங்களா? புதுசில்ல, ஒருத்தர் ஓட்டுனது. யாரு வண்டி, தெரிஞ்சவங்களுதா?

தெரிஞ்சவங்கன்னா இன்னும் சாக்கிரதையா இருக்கணும். தெரியாதவன் கிட்ட வாங்கறப்ப பேப்பரப் பாப்போம், தெரிஞ்சவன் கிட்ட வாங்கறப்ப மொகத்தத்தான பாக்குறோம். எந்த ஊரு நம்பரு, கேட்டியா? கேக்கலயா. கேளு. பாண்டி நம்பர்னா அப்பிடியே எழுந்து வந்துரு. வண்டி எப்பிடி இருந்தாலும் சரி.

நான் பண்ருட்டி. பேரு பூங்காவனம். சமையல் வேலை எடுத்துச் செய்யறேன். காதுகுத்து, வளைகாப்பு, கருமாதின்னு எல்லாத்துக்கும். எங்க பக்கம் விசேஷம்னா என் கை புளிசாதம் இல்லாம இல்ல, அப்பிடி ஒரு காலம் இருந்துச்சி. இப்பக் கேப்பர் மலைக்குப் போறேன். ஆமா, ஜெயிலுக்குத்தான். என் தம்பி உள்ள இருக்கான். நீ ஒண்ணும் தள்ளி உக்கார வேணாம், நாங்க கௌரவமான குடும்பம். எல்லாம் ஒரு வண்டியால வந்துச்சி.

அந்துவான்னு ஒருத்தன். அரியாங்குப்பம். மைக்செட்டு, சீரியல் லைட்டு போடுறவன். நான் சமைக்கிற விசேஷத்துக்கெல்லாம் அவன்தான் லைட்டு கட்டுவான். வேலை முடிஞ்சா எலையைத் தூக்கிக்கிட்டு நேரா என் அடுப்பாண்ட வந்து குந்துவான். "அக்கா, ரசம் இருக்கா"ம்பான். நல்லாத் தின்பான். நல்லாத் தின்னுறவனை எனக்குப் பிடிக்கும். அவன் கிட்ட ஒரு ஆம்னி இருந்துச்சி. வெள்ளை கலரு. பின்னாடி சீட்டக் கழட்டிட்டு ஒயர் சுருளெல்லாம் வச்சிருப்பான். நான் அப்ப அண்டாவையும் குண்டானையும் வாடகை டெம்போவுல ஏத்திக்கிட்டு அலைஞ்சிக்கிட்டிருந்தேன். அந்துவான் பெரிய வண்டி வாங்கறான், இதை விக்கப் போறான்னு தெரிஞ்சதும் எனக்குக் குடுறான்னேன்.

அன்னிக்கு ஒரு கருமாதி. நான் சாம்பாருக்குப் புளி கரைச்சி ஊத்திக்கிட்டிருக்கேன். அவன் பக்கத்துல நின்னு சொன்னான்னு சொல்றான். "அக்கா, இது பாண்டி வண்டி. நீங்க இருக்கிறது தமிழ்நாடு. இங்க ஓட்டணும்னா தமிழ்நாட்டு வரி கட்டி, உங்க பேருக்கு மாத்தணும். அதுக்குப் பாண்டியிலேர்ந்து ஆட்சேபணை இல்லன்னு என்.ஓ.சி. வேணும். அங்க கொஞ்சம் பழைய வரிப் பாக்கி நிக்கிது, அதை நான் கட்டிட்டு வாங்கித் தரேன். அது வரைக்கும் எடுத்துக்கிட்டு வெளிய போவாதீங்க." இப்பிடிச் சொன்னானாம். சொல்லியிருப்பான், இல்லன்னு சொல்லல. ஆனா நான் புளி ஊத்துறப்ப எவன் பேசுறதையும் காதுல வாங்கறதில்ல. அது எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் அப்பப் பாத்துச் சொன்னா யாரு தப்பு?

எங்கூட்டுக்காரரும் சொன்னாரு. சிவக்கொழுந்துன்னு பேரு. முந்திரிக் கொட்டை குடோன்ல எடை போடுறவரு. வாயில்லாப் பூச்சி. "பேரு மாத்திட்டு அப்பறம் பணத்தக் குடு பூங்காவனம், வரி பாக்கி இருக்கான்னு ஆபீஸ்ல ஒரு தடவ கேட்டுட்டு வந்துரலாம்"னாரு. பண்ருட்டியில பாதி வண்டி பாண்டி நம்பருதான் ஓடுது, உங்களுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சி சட்டம்னு கேட்டேன். திருப்பியும் அதையே சொன்னாரு. கையில கரண்டி இருந்துச்சி. அது போயி அவரு நெத்தியில பட்டுச்சி. நாலு தையல். நான் கோவக்காரி இல்லம்மா, நீ பேசிப் பாத்தாலே தெரியுமே. கரண்டி கையில இருக்கிறப்ப பக்கத்துல வந்து பேசக் கூடாது, அவ்வளவுதான்.

வண்டியை ஓட்டுனது என் தம்பி கலியமூர்த்தி. எங்கம்மா சாவறப்ப அவன் கைப்பிள்ளை. நான்தான் வளத்தேன். நான் சொல்லி அவன் ஒண்ணு மீறுனதில்ல. எழுந்துருடான்னா எழுந்துருவான், குந்துடான்னா குந்துவான். கல்யாணம் ஆயியும் அப்பிடித்தான். அதுவே அவன் பொண்டாட்டிக்குப் பொறுக்காது. போவட்டும்.

பணத்தக் குடுத்து வண்டிய எடுத்தாந்ததும் நல்லாத்தான் ஓடுச்சி. ஒரு மழைக்காலம் பூரா ஓட்டுனோம். கடலூர்ல ஒரு வளைகாப்பு வந்துச்சி. பெரிய எடம். எலுமிச்ச சாதம், தேங்கா சாதம், புளி சாதம், தயிர் சாதம்னு எல்லாம் வூட்டுலயே செஞ்சி, சூடா வண்டியில ஏத்திக்கிட்டுப் போறோம். எங்கூட்டுக்காரரு எலை போடறதுக்காக முன்னாடியே பஸ்ல போயிட்டாரு. கடலூருக்குள்ள நொழையறதுக்கு முன்னாடி ரோட்டோரமா நின்னுக்கிட்டிருந்தாங்க. போலீஸ் இல்ல, ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரங்க. ஒரு அதிகாரி, வயசுப் பையன்தான், மரியாதையாத்தான் பேசுனான். "அம்மா, இந்த வண்டிக்குத் தமிழ்நாட்டுல வரி கட்டல. வண்டியும் உங்க பேர்ல இல்ல. ஆபீஸ்ல கொண்டாந்து நிறுத்திட்டு, வரியும் அபராதமும் கட்டிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னான்.

நான் எறங்கிப் பேசுனேன். கொஞ்சம் சத்தமாப் பேசுனேன். அவன், "சாப்பாட்ட வேற ஆட்டோவுல ஏத்தி அனுப்பிட்டு அப்பறம் பேசுங்கம்மா, நாங்களே ஆளு விட்டு எறக்கி வைக்கிறோம்"னான். எனக்கு அது ஒத்துவரல. என் சாப்பாட்ட எவனோ தொட்டு எறக்கறதா. நான் சாதத்து அண்டா மேல கையப் போட்டுக்கிட்டு வண்டிக்குள்ளயே உக்காந்துட்டேன். கெட்டா கெட்டுப் போவட்டும், யாரு வயிறெரியும்னு பாத்துருவோம்னேன். மூர்த்திக்கு ரத்தம் கொதிச்சிருச்சி. ஆனா அவன் அதிகாரி மேல கைய வைக்கல, அவ்வளவு பதம் தெரிஞ்சவன். நம்ம வண்டி சைடு ஜன்னல் கண்ணாடியத்தான் ஓங்கிக் குத்துனான். கண்ணாடி நொறுங்கிக் கையெல்லாம் ரத்தம். புளி சாதத்து மூடி மேல சொட்டுச் சொட்டா ஊத்துச்சி. அதுக்கு அப்பறம் அந்தச் சாதத்த யாருக்குப் போட முடியும், சொல்லு.

நாங்க வண்டிய அவங்ககிட்ட வுட்டுட்டு, ஆட்டோ புடிச்சி மிச்சத்த ஏத்திக்கிட்டு மண்டபத்துக்குப் போறப்ப மத்தியானம் தாண்டிருச்சி. வளைகாப்புக்கு வந்தவங்க பாதிப் பேரு கெளம்பிட்டாங்க. கர்ப்பிணிப் பொண்ணு பசியில மயங்கி உழுந்துருச்சாம். அதுக்கு ஒரு தாய்மாமன், ஆளு எருமையாட்டம். எங்கூட்டுக்காரரு அவங்க கிட்ட கும்புட்டுக்கிட்டு நிக்கிறாரு. இப்ப வந்துரும், இப்ப வந்துரும்னு காலையிலேர்ந்து அவருதான சொல்லிக்கிட்டிருந்தாரு. நான் உள்ள நொழையறேன், என் கண்ணு முன்னாடி அந்தாளு மடக்கு நாற்காலிய எடுத்துச் சுத்துனான். இரும்பு நாற்காலி. காதோட சேத்துப் பட்டுச்சி. மனுசன் கத்தக்கூட இல்ல. போட்டு வச்சிருந்த எலை மேலயே உழுந்தாரு. காதுலேர்ந்து ரத்தம். மேல உழுந்து ஒதைக்கிறானுங்க நாலு பேரு. நான் போயிப் படுத்து மறைச்சேன். எனக்கும் முதுவுல ஒதை உழுந்துச்சி. கொண்டு போன தேங்கா சாதத்த அண்டாவோட தூக்கி வாசல்ல கொட்டுனாங்க. நாயிங்க வந்து தின்னுச்சி. அந்தச் சாதம் நல்லா வந்திருந்துச்சி கண்ணு. அப்பிடி ஒரு பக்குவம் எப்பவும் அமையாது.

அதுலேர்ந்து அவருக்கு அந்தப் பக்கத்துக் காது கேக்கறதில்ல. நான் கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறாரு. டாக்டரு ஒரு காதுதான் போச்சிங்குறாரு. ரெண்டு பக்கம் நின்னு கூப்புட்டாலும் திரும்பறதில்ல, அதான் எனக்குப் புரியல.

இப்ப நீயே சொல்லு. அந்த நாற்காலியத் தூக்குனவன் அந்துவான் இல்ல. சரி. ஆனா யாரால அந்த நாற்காலி எழும்புச்சி?

மறுநா அந்துவானே வந்தான். ஆஸ்பத்திரிக்கு, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டு. எங்கூட்டுக்காரர் காலத் தொட்டுக்கிட்டு நின்னான். அழுதான்னு கூடச் சொல்லலாம். அப்பறம் என்னை வெளிய கூப்புட்டு, "அக்கா, என் பேர்ல தப்பு இருக்கு. பழைய பாக்கிய நான் உடனே கட்டிருக்கணும். புது வண்டி வாங்கிட்டு முழி பிதுங்கிப் போச்சி. மாதா கோயில் திருவிழாவுக்கு லைட்டு எடுத்திருக்கேன். அந்தக் கூலி வந்ததும் கட்டிட்டு என்.ஓ.சி.ய உங்க கையில குடுத்துடறேன். தமிழ்நாட்டு வரி நீங்க கட்டணும். அதை நான் அப்பவே சொன்னேங்க்கா"ன்னான்.

எல்லாத்தையும் ஒழுங்காச் சொன்னவன் கடைசியில அந்த ஒரு வார்த்தையச் சொன்னான் பாரு. அப்பவே சொன்னேன்னு. எனக்கு அதான் தாங்கல. வரி, அபராதம், சாப்பாட்டு நட்டம், காது, எல்லாத்தையும் நீதான்டா குடுக்கணும்னேன். "காதுக்கு நான் எங்க போவேங்க்கா"ன்னான். கேலியாச் சொல்லல, நெசமாத்தான் சொன்னான். ஆனா எனக்குக் கேலியாட்டம் கேட்டுச்சி. ஆரஞ்சுப் பழத்த எடுத்து அவன் மூஞ்சியில வீசுனேன். ஒண்ணு ஒண்ணா. அவன் நவுராம நின்னு வாங்கிக்கிட்டான்.

திருவிழா இன்னும் தள்ளி இருந்துச்சி. வண்டி ஆபீஸ் வாசல்ல வெயில்ல காயிது. அபராதம் ஏறிக்கிட்டே போவுதுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. எனக்குச் சோறு எறங்கல. ஒரு ஞாயித்துக்கெழம மூர்த்தியக் கூட்டிக்கிட்டு அரியாங்குப்பம் போனேன். சண்டைக்கு இல்ல. பேசத்தான். அந்துவான் குளிச்சிக்கிட்டிருந்தான். அவன் பொண்டாட்டி ரெஜினா வந்தா. இடுப்புயரம்தான் இருப்பா, பேச்சு மட்டும் கூரையத் தொடும். "அவரு உங்ககிட்ட சொன்னப்ப நானும் அங்கதான் நின்னேன். எடுத்துக்கிட்டு வெளிய போவாதீங்கன்னு சொன்னத ரெண்டு காதாலயும் கேட்டேன்"ன்னா. ரெண்டு காதாலயும்னு சொன்னா பாரு, எங்கூட்டுக்காரர் காது போயிக் கெடக்கறப்ப. நான் கைய நீட்டுனேன், வாய மூடுன்னு சொல்றதுக்கு. அவ தலை குறுக்க வந்துச்சி. முடி கையில வந்துருச்சி. நான் இழுக்கல. அவ பின்னாடி போனா, முடி என் கையில நின்னுக்கிச்சி. கொத்தா. அவ என் மணிக்கட்டக் கடிச்சா, இந்தா பாரு, தழும்பு. இன்னும் இருக்கு. மனுசியா அவ.

அந்துவான் ஈரத் துண்டோட ஓடியாந்து எங்கள விலக்குனான். விலக்குறப்ப என் தோள்ல கைய வச்சித் தள்ளுனான். மூர்த்தி அதைப் பாத்துட்டான். எங்க அக்காவையாடான்னு அவன் கழுத்தப் புடிச்சி செவுத்துல மோதுனான். செவுத்துல மாட்டியிருந்த மாதா படம் உழுந்து ஒடஞ்சிது. அதான் வெனை. தெருவே கூடிருச்சி. மூர்த்தியக் கீழ தள்ளி, செருப்பாலயும் தொடப்பத்தாலயும் அடிச்சாங்க. ஒருத்தன் பம்புசெட்டு பைப்பால வாயில போட்டான். முன்பல்லு போயிருச்சி. அந்துவான் தான் குறுக்க உழுந்து நிறுத்துனான், அது உண்மைதான், மறைக்க மாட்டேன். "என் ஊர்ல வச்சி வேணாம், வுடுங்கடா"ன்னு கத்துனான். அவன் முதுவுலயும் ரெண்டு அடி உழுந்துச்சி.

பல்லு போனதுக்கப்பறம் மூர்த்தி பேச்சக் கொறச்சிக்கிட்டான். கையால வாய மூடிக்கிட்டுச் சிரிப்பான். எனக்கு வயிறு எரியும். நான் ஒண்ணும் தூண்டி வுடல. சோறு போடறப்ப, "மெதுவா மெல்லுடா, உனக்குப் பல்லில்ல"ன்னு ஒரு பேச்சுக்குச் சொல்வேன். அக்கான்னு இருந்தா அவ்வளவு உரிமை கூடவா இல்ல. ஒரு நா, "அரியாங்குப்பத்துல அவன் பொண்டாட்டி சொல்லிச் சிரிப்பாளே, அக்காளுக்காக வந்தான், பல்லக் குடுத்துட்டுப் போனான்னு" அப்பிடின்னேன். அவன் தட்ட நவுத்திட்டு எழுந்துருச்சிட்டான். அவன் பொண்டாட்டி என்னை மொறைச்சா. "அண்ணி, உங்களுக்குக் கோடி புண்ணியமாப் போவும், அவர வுட்டுருங்க"ன்னா. எதை வுடறது, நான் எதைப் புடிச்சிக்கிட்டிருக்கேன்.

திருவிழா வந்துச்சி. கடலூர் முதுநகர் பக்கம், அந்துவான் லைட்டு எடுத்திருந்த மாதா கோயிலு. பட்டப்பகல்ல, நல்ல வெயில்ல. நான்தான் ஆட்டோ புடிச்சேன். மூர்த்தி தனியாப் போறேன்னான். நான்தான் தனியாப் போவாதடா, உனக்கு ஒண்ணு ஆச்சின்னா எனக்கு யாருன்னு கூடப் போனேன். அக்கறைதான, வேற இன்னா. அண்டாவத் தூக்கறதுக்கு ஒரு இரும்புக் கம்பி வச்சிருக்கேன். அதுவும் கூட வந்துச்சி. அது மூர்த்தி கைக்கு எப்பிடி வந்துச்சின்னு அப்பறம் போலீஸ் கேட்டுச்சி. சமையல்காரி வூட்டுல கம்பி இல்லாம பூவா இருக்கும்.

மூர்த்தி எறங்கறப்ப நான் ஒண்ணுதான் சொன்னேன். "தலையில வேணாம்டா. கையில ரெண்டு போடு, போதும். கையெழுத்துப் போடாத கை எதுக்கு அவனுக்கு." தலையில வேணாம்னு சொன்னதே நான்தான் கண்ணு. நான் மட்டும் சொல்லலன்னா அன்னிக்கு உசுரே போயிருக்கும். அதை யாரும் நெனச்சிப் பாக்கறதில்ல.

அந்துவான் தோரண வாயில்ல மூங்கில் ஏணி போட்டு, மேல நின்னு லைட்டு கட்டிக்கிட்டிருந்தான். நான் ஆட்டோவுக்குள்ளயேதான் உக்காந்திருந்தேன். எறங்கவே இல்ல. அவன் மேலேர்ந்து என்னைப் பாத்துட்டான். பாத்துட்டு, வாயிலருந்த ஒயரத் துப்பிட்டு, "அக்கா, வாங்க. சாப்டீங்களா? இங்க கஞ்சி ஊத்துறாங்க, எறங்கி வாங்க"ன்னான். அப்பிடித்தான் கூப்புட்டான். ஆரஞ்சுப் பழத்தால அடி வாங்கினவன், பொண்டாட்டி முடி போனவன், அப்பிடித்தான் கூப்புட்டான்.

மூர்த்தி ஏணியப் புடிச்சி இழுத்தான். அந்துவான் லைட்டுச் சரத்தப் புடிச்சான், சரமும் சேந்து வந்துச்சி. கீழ சிமிட்டித் தரை. உழுந்தவன் எழுந்துக்கல, வலது கையத் தூக்கி மறைச்சான். மூர்த்திக்கு அது வசதியாப் போச்சி. முருங்கைக்காய ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஆட்டோ வரைக்கும் கேட்டுச்சி. அப்பறம் கையத் தரையில வச்சி, மேல கால வச்சிக்கிட்டு அடிச்சான். நான் ரெண்டுதான் சொன்னேன். அவன் நிறுத்தல. அந்துவான் "மூர்த்தி, மூர்த்தி"ன்னு பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருந்தான், ஏதோ தூக்கத்துலேர்ந்து எழுப்புற மாதிரி. கடைசி கடைசியில கம்பி அவன் மேல படுதா, தரையில படுதான்னே தெரியல, பல்பு நொறுங்கற சத்தம்தான் கேட்டுச்சி.

சனம் ஓடியாந்துச்சி. மூர்த்தி ஓடல. கம்பியக் கீழ போட்டுட்டு ஆட்டோவப் பாத்துக்கிட்டு நின்னான், நான் அடுத்தது இன்னா சொல்லுவேன்னு பாக்கற மாதிரி. அவனைச் சுத்திக்கிட்டுத் தரையோட போட்டு மிதிச்சாங்க. நான் ஆட்டோக்காரன வண்டிய எடுக்கச் சொன்னேன். நான் எறங்கியிருந்தா என்னையும் அடிச்சிருப்பாங்க. நான் அடி வாங்கறதுனால அவனுக்கு அடி கொறையப் போவுதா.

கொலை முயற்சின்னு கேஸ் போட்டுட்டாங்க. கையில அடிச்சதுக்குப் போயி கொலை முயற்சியா. ஜாமீன் கேட்டோம், தள்ளிட்டாங்க. போலீஸ் என்கிட்ட வந்தப்ப, நான் அன்னிக்கு மீனு வாங்கப் போயிருந்தேன்னு சொன்னேன். நான் மாலை போட்டிருந்தேன்னு பக்கத்து வூட்டுக்காரி சொல்லிட்டா, மேல்மருவத்தூருக்கு. மாலை போட்டவ மீனத் தொடுவாளான்னு கேட்டாங்க; எனக்கில்ல, ஒரு கடைக்கு வாங்கிக் குடுத்தேன்னு சமாளிச்சேன். அந்துவான் என் பேரச் சொல்லியிருந்தா நானும் உள்ளதான். ஆனா அவன் சொல்லல. ஆட்டோவப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. ஏன் சொல்லல? நான் ஒரு தப்பும் பண்ணலன்னு அவன் மனசுக்கே தெரியும், அதான்.

இப்பக் கூத்தக் கேளு. அவன் ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆளு மூலமா என்.ஓ.சி.ய வாங்கிட்டான், பாக்கியெல்லாம் கட்டி. வண்டிய என் பேருக்கு மாத்துற பாரத்துல அவன் கையெழுத்துப் போட்டு அனுப்புனான். ஆபீஸ்ல, பழைய கையெழுத்தோட இது ஒத்துப் போவலன்னு திருப்பிட்டாங்க. எப்பிடி ஒத்துப் போவும், இடது கையால போட்டிருக்கான். வலது கையில ரெண்டு வெரல எடுத்துட்டாங்களாம், மிச்சம் மடங்காதாம். இனிமே ஏணி ஏற முடியாது, ஒயர முறுக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். நான் மூர்த்திய நெனச்சித்தான் திட்டுனேன். முட்டாப் பய. எந்தக் கைன்னு ஒரு வார்த்தை யோசிச்சானா.

அப்பறம் ஒரு நா ரெஜினாவே எங்கூட்டுக்கு வந்தா. டாக்டர் சர்டிபிகேட்டோட, இடது கை பெருவெரல் ரேகை வச்ச பாரத்தோட. தலையில முக்காடு போட்டிருந்தா. உக்காருன்னேன், உக்காரல. பேப்பர என் கையில கூடக் குடுக்கல, அடுப்பு மேடை மேல வச்சா. "இந்த வண்டி எங்க பேர்ல ஒரு நாளு கூட இருக்கக் கூடாது. எடுத்துக்கங்க"ன்னா. இதைத்தான நான் மொதல்லேர்ந்து கேட்டேன். மொதல்லயே குடுத்திருந்தா யாருக்கு இன்னா நட்டம்.

போறப்ப வாசல்ல நின்னா. "அவரு ஆட்டோவப் பத்தி போலீஸ்ல சொல்லல. ஏன் சொல்லலன்னு கேட்டேன். அந்த அக்கா கையால எத்தினியோ நாளு சாப்புட்டிருக்கேன் ரெஜினான்னாரு." செருப்ப மாட்டுனா. "நான் சாப்புட்டதில்ல"ன்னா.

எனக்கு அது இன்னாத்துக்குச் சொன்னான்னு புரியல. அதுக்கு இன்னா, ஒரு நா வா, வடை பாயசத்தோட சாப்பாடு போடறேன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டுப் போயிட்டா.

வளையல அடவு வச்சி வரியக் கட்டுனேன். அபராதத்தோட. வண்டி வந்துருச்சி. இப்பத் தமிழ்நாட்டு நம்பரு, என் பேரு, ஆயுசுக்கும் வரி கட்டியாச்சி, எவனும் கைகாட்டி நிறுத்த முடியாது. எலுமிச்சம்பழம் வச்சி பூசை போட்டேன். அப்பறம் ஏன் பஸ்ல போறேன்னு பாக்கறியா? ஓட்டறதுக்கு ஆளு? மூர்த்தி உள்ள இருக்கான். வேற டிரைவரு கேட்டா, வரேன்னு சொல்றான், வரதில்ல. சமையலுக்கும் முன்ன மாதிரி யாரும் கூப்புடறதில்ல. பொறாமை. எங்கூட்டுக்காரரு குடோன்லயே படுத்துக்கறாரு, அங்கதான் காத்து வருதாம். மூர்த்தி பொண்டாட்டி கொழந்தையத் தூக்கிக்கிட்டு அவ அம்மா வூட்டுக்குப் போயிட்டா. நான்தான் ஒண்டிக்கட்டையா எல்லாத்தையும் பாக்கறேன்.

மூர்த்தி மட்டும், பாக்கணும்னு நான் ஜெயில்ல குடுக்கிற ஒவ்வொரு மனுவுக்கும் வருவான். கம்பிக்கு அந்தாண்ட நிப்பான். நான் பேசிக்கிட்டே இருப்பேன், அவன் கேட்டுக்கிட்டு நிப்பான். நடுவுல ஒரு தடவ அவனே வாயத் தெறந்தான். "அக்கா, வக்கீலு கேக்குறாரு. நீயாப் போனியா, யாராச்சும் சொல்லிப் போனியான்னு. யாராச்சும் சொல்லியிருந்தா இப்பவே சொல்லிடு, உனக்குத் தண்டனை கொஞ்சம் கொறையும்ங்குறாரு. நான் இன்னா சொல்லட்டும்?"

பாத்தியா, ஜெயில்ல இருந்தாலும் என்னைக் கேட்டுத்தான் செய்வான். நான் சொன்னேன், "இதுல இன்னாடா யோசனை. உள்ளத உள்ளபடி சொல்லு. உனக்கு யாருடா சொன்னா, நீயாத்தான போன. நான்தான் அங்க இல்லவே இல்லியே."

அந்த எடத்துல ஒரே கூச்சல், ஆளாளுக்குக் கத்திப் பேசுவாங்க. கேட்டுதோ இல்லியோன்னு இன்னொரு தடவயும் சொன்னேன். அவன் என் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தான். வாய மூடறதுக்குக் கையக் கொண்டு போனான், பாதியிலயே எறக்கிட்டான். "சரிக்கா. நானாத்தான் போனேன்"னான். உள்ள போயிட்டான். நான் கொண்டு போன பிஸ்கட்டக் கூட வாங்கிக்கல.

அதுக்கப்பறம் வந்து வந்து திரும்பறேன். பேரக் குடுத்துட்டு உக்காந்திருப்பேன். வார்டரு வந்து, "மனு வேணாம்ங்குறாரும்மா"ன்னு சொல்லிட்டுப் போவாரு. ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டா, நல்லாத்தான் இருக்காருங்குறாங்க. அவங்களுக்கு இன்னா தெரியும். அவனுக்குச் சின்னதுலேர்ந்தே வெயிலு ஆவாது, மயக்கமா வரும். நான் வளத்தவ, எனக்குத்தான் தெரியும்.

கொஞ்சம் வழி வுடு கண்ணு, எறங்கணும். பைய மட்டும் எடுத்துக் குடு. வாழப்பழம் இருக்கு, நசுங்கிரும், பாத்து.